தபால் மந்திரி கதைக்கு ‘ம்’ கொட்டியது யார்?

கண்மணி பொய் சொல்கிறவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாலு பொய்யைக் கூசாமல் சொல்ல வந்திருந்தால், மாமியாரிடம் இத்தனை பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க மாட்டாள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். எம்.காம். படித்தவள். பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிற வீட்டில் வளர்ந்தவள். அவள் தன் இரண்டு காதாலும் கேட்டதுதான் இது. ஆள் பெயரையும் ஊர் அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. நடந்ததில் எதையும் மாற்றவில்லை.

இன்னொன்று. இதில் நடு ராத்திரி கிடையாது. நாய் ஊளையிடாது. கரண்ட் போகாது. எல்லாம் நடந்தது பட்டப்பகலில். உச்சிப்பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? டெக்சாஸில் புளியமரம் இல்லை. உச்சிப்பொழுது இருக்கிறது.

அப்போது அவர்கள் டெக்சாஸில் சுகர் லேண்ட் என்கிற ஊரில் இருந்தார்கள். கணவன் ஜெயபிரகாஷுக்கு ஒரு எண்ணெய் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. விடிந்தால் ஃப்ரீவே, இருட்டினால் ஃப்ரீவே. கண்மணியுடையது வேலைக்குப் போகக் கூடாத விசா. பகல் முழுக்க அந்த அபார்ட்மென்டில் அவளும் மூன்றரை வயது மகள் வெண்பாவும்தான். பால்கனியில் நின்றால் பார்க்கிங் லாட் தெரியும். மனித முகம் தெரியாது. பார்சல் கொண்டு வருகிறவன்கூட வாசலில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இவள் கதவைத் திறப்பதற்குள் ஓடிவிடுவான்.

சாயங்காலம் ஜெயபிரகாஷ் வந்ததும் அன்றைய பேச்சையெல்லாம் கொட்டுவாள். அவன் லேப்டாப்பைப் பார்த்தபடியே ‘ம்’ என்பான். நல்ல மனிதன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ‘ம்’மில் ஆள் இருக்காது.

வெண்பாவுக்குப் பேச்சு வரவில்லை. காதில் கோளாறு இல்லை, எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னதைச் செய்வாள், சிரிப்பாள். ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வராது. ஊரிலிருந்து போன் வந்தால் மாமியார் கேட்கிற முதல் கேள்வி, “இன்னும் பேசலையா?” அதற்கு அடுத்து வருகிற பெருமூச்சு யாரைக் குத்துகிறது என்று கண்மணிக்குத் தெரியும். பிள்ளை ஒரு சத்தம், ஒரே ஒரு பதில் சத்தம் கொடுத்துவிட்டால் போதும். அவள் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி ஒரு வழி சொன்னாள். குழந்தைக்குக் கதை சொல்லுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள், அந்த இடைவெளியை ஒருநாள் அவளே நிரப்புவாள் என்றாள். கண்மணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இதற்கு ஒரு படிப்பா? நம் ஊரில் கதை சொன்னால் கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். ஆனால் வீட்டில் எந்தக் கதைக்கும் வெண்பா ‘ம்’ கொட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லைப்ரரியில் ஒரு நோட்டீஸ் பார்த்தாள். ஆற்றோரம் பழைய வீடு ஒன்று, மியூசியமாக வைத்திருக்கிறார்கள், மதியம் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாததால் விசாவுக்கும் இடைஞ்சல் இல்லை. நடத்துகிறவள் மிஸ் டெப்ரா என்கிற வயதான வெள்ளைக்காரி. குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். மதியமானால் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள்.

மரவீடு. முன்னால் ஜடை ஜடையாகப் பாசி தொங்குகிற ஓக் மரங்கள். பின்னால் அடிமைகளின் குடிசைகள் இருந்த இடம் இப்போது பார்க்கிங் லாட், அதைச் சொல்ல ஒரு சின்னப் பலகை. முன் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஊதுகொம்பு, தோல் பை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, யாரும் உட்காரக் கூடாது என்று குறுக்கே கயிறு. சுவரில் வீட்டுக்காரரின் படம். பெயர் ஹைரம் டாலட். டெக்சாஸ் தனி நாடாக இருந்த சில வருஷங்களில் அதன் தபால் துறையை நடத்தியவர். கண்மணி அவருக்கு உடனே பட்டம் கொடுத்துவிட்டாள். தபால் மந்திரி.

யாராவது வந்தால் மந்திரியின் அரசியல் வாழ்க்கையைப் பத்து நிமிஷம் சொல்ல வேண்டும். மிஸ் டெப்ரா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். இங்கிலீஷில் எத்தனை தடவை படித்தாலும் நாக்கில் நிற்கவில்லை. யாரும் வருவதும் இல்லை. சரி, தமிழில் கதையாகச் சொல்லிப் பார்த்தால் மனசில் பதியும், குழந்தைக்கும் பயிற்சியாகும் என்று நினைத்தாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வெண்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“ஒரு ஊர்ல ஒரு பெரியவரு இருந்தாராம்.”

நிறுத்தினாள்.

“அவரு சின்ன வயசுல ஆத்துல பரிசல் ஓட்டுனாராம்.”

நிறுத்தினாள்.

“அக்கரை சனத்துக்கு வந்த கடுதாசியெல்லாம் அவருதான் கொண்டு போய்க் குடுப்பாராம்.”

இப்படியே போகும் கதை. கடிதம் கொண்டு போனதால் இரண்டு கரையிலும் அவர் முகம் தெரிந்தது. முகம் தெரிந்தவனுக்குத்தானே ஓட்டு? எலெக்ஷனில் நின்றார், ஜெயித்தார், சபைக்குப் போனார். தபால் துறையை அவர் தலையில் கட்டினார்கள். கஜானா காலி, சாலையே இல்லை, ஆற்றில் வெள்ளம் வந்தால் குதிரையும் போகாது. அவர் அசரவில்லை. தபால்காரர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஊதுகொம்பு கொடுத்தார். காட்டுக்குள் தனியாக இருக்கிறவர்களுக்கும் தபால் வருவது தெரிய வேண்டும் என்றார். ஆள் இடம் மாறினால் கடிதமும் பின்னாலேயே போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது. அவருடைய துறையை ஒரே நாளில் பூட்டிவிட்டார்கள். இரண்டு தடவை எலெக்ஷனில் நின்றார். இரண்டு தடவையும் தோற்றார். வயதான பிறகு மதிய நேரங்களில் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொம்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாராம்.

“தபாலையே நடத்துன மனுசனுக்கு ஒரு கடுதாசி போட நாதியில்லையாம் சாமி.”

இந்த வரி மிஸ் டெப்ரா எழுதியதில் இல்லை. கண்மணி தானாகச் சேர்த்துக்கொண்டது. சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். முன்பின் தெரியாத மந்திரிக்காக எதற்கு அழுகை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, பெஞ்சுக்கு முதுகைக் காட்டியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எலெக்ஷன்ல அவருதான் ஜெயிச்சாராம்.”

நிறுத்தினாள்.

“ம்.”

துடைத்த துணி கையிலிருந்து விழுந்தது. திரும்பினாள். வெண்பா பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு.

கண்மணி ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டாள். அழுதாள். ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டு, “ஏனுங்க, புள்ள ம் கொட்டுனா!” என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

ஆனால் வீட்டில் வெண்பா வாயைத் திறக்கவில்லை. அதே கதைதான், அதே இடைவெளிதான். ஒன்றும் இல்லை. மறுபடி மியூசியத்துக்குப் போனால் ‘ம்’ வந்தது. அடுத்த நாளும் வந்தது. ஜெயபிரகாஷ் ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்று முழுக்கதை சொல்லியும் சத்தமே இல்லை. கூச்சப்படுகிறாள், விடு என்றான். ஆனால் காரில் ஏறும்போது அவன் பார்த்தது குழந்தையை இல்லை, கண்மணியை. அந்தப் பார்வையில் இருந்த இரக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு ‘ம்’ பற்றி அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தத்தான் செய்தன. அந்தச் சத்தம் குழந்தைச் சத்தம் மாதிரி இல்லை, கனமாக இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜெயித்த கதைக்கு ‘ம்’ உடனே வரும். தோற்ற கதைக்குத் தாமதமாக, அடங்கி வரும். ஒருநாள் அவசரத்தில் முதல் எலெக்ஷனை விட்டுவிட்டுச் சொன்னாள். அன்று கடைசிவரை ‘ம்’ வரவே இல்லை. இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை? மூன்றரை வயதுக் குழந்தைக்கும் எலெக்ஷனுக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி வந்தது. அவள் அதை மேலே வளர விடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வெண்பா பெஞ்சின் நடுவில் உட்காருகிறவள். கொஞ்ச நாளாக ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு.

ஆகஸ்ட் மாதக் கடைசி. வெளியே காற்றே இல்லை. வெயில் அப்படியே நின்றது. மிஸ் டெப்ரா சாப்பிடப் போய்விட்டாள். கண்மணி வழக்கம்போலக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ஒரு ஊர்ல ஒரு பெரியவரு இருந்தாராம்.”

“ம்.”

“ஆத்துல பரிசல் ஓட்டுனாராம்.”

“ம்.”

கண்ணாடி சுத்தமாகிவிட்டது. அதில் அவளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சு தெரிந்தது.

பெஞ்சு காலியாக இருந்தது.

கண்மணி மெல்லத் தலையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே வராந்தாவில் வெண்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். நடுவில் சாத்திய கதவு.

அறையில் அவள் மட்டும்தான்.

வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. “அப்பறம்... எலெக்ஷன்ல நின்னு...”

அதற்கு மேல் வரவில்லை.

ஏசி சத்தம்... அதுவும் நின்றது.

சுவர்க் கடிகாரம்... டக்... டக்...

“ம்?”

கேள்வி. அப்புறம் என்ன என்று கேட்கிற ‘ம்’.

கதவுப் பக்கத்திலிருந்து. அந்த நாற்காலியிலிருந்து.

ஓடியிருக்கலாம். ஆனால் கதவுக்குப் போக அந்த நாற்காலியைத் தாண்ட வேண்டும். வெளியே குழந்தை. உள்ளே இவள். நடுவில் அது.

கண்மணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எலெக்ஷன்ல... ஜெயிச்சாராம்.”

“ம்.”

“சபைக்குப் போனாராம்.”

“ம்.”

திருப்தியான ‘ம்’. எந்த நாட்டு அரசியல்வாதியானால் என்ன, செத்து எத்தனை காலமானால் என்ன, தன் பெருமையைக் கேட்கக் கசக்குமா? இப்போது இப்படிச் சொல்லிச் சிரிக்கலாம். அப்போது அவள் புடவை கட்டியிருந்தால் முந்தானை முழுக்க வியர்வையில் நனைந்திருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வரியையும் விடாமல் சொன்னாள். துறையைப் பூட்டியதைச் சொன்னாள். தோற்றதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ வந்தது. கடைசியில் கடுதாசி போட நாதியில்லை என்ற வரியைச் சொன்னபோது...

‘ம்’ வரவில்லை.

மூச்சு வந்தது. நீளமான மூச்சு.

“கதை முடிஞ்சுதுங்க” என்றாள். மரியாதை தானாக வந்தது.

நாற்காலி கிறீச் என்றது.

கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை. நாற்காலியின் கயிறு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எப்படித் தாண்டினாள், எப்படிக் குழந்தையைத் தூக்கினாள், காரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு அழுதாள். ஆனால் பயத்தினால் இல்லை. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. அப்படியானால் வெண்பா ‘ம்’ சொல்லவே இல்லை. ஒரு தடவைகூட. இத்தனை நாள் கொண்டாடியது பிள்ளையின் குரலையே இல்லை. அது அவள் நெஞ்சை அறுத்தது.

ஜெயபிரகாஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். தனியாகவே இருந்து இருந்து உனக்கு மனசு என்னமோ ஆகிவிட்டது என்றான். பிறகு, ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க் ப்ராஜெக்ட் வந்திருக்கிறது, அடுத்த மாதம் மாறிவிடலாம், அங்கே நம் சனம் நிறைய என்றான். கண்மணி சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். அவள் பயம் ஒன்றே ஒன்றுதான். பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்த வெண்பா இப்போது காரில் போகும்போதும் பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அன்று கையோடு வந்துவிட்ட சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று மதியம் போனார்கள். ஜெயபிரகாஷும் வெண்பாவும் காரில் இருந்தார்கள். மிஸ் டெப்ரா இல்லை. கண்மணி முன் அறைக்குள் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள். அப்படியே திரும்பி வந்திருக்கலாம். வளர்ப்பு விடவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் பழக்கமில்லை. அதைவிட, ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போகவும் அவளால் முடியவில்லை. நாற்காலியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நாங்க ஊரு மாறிப் போறோமுங்க. சின்னப் புள்ளைங்க அவ. நீங்க... எங்ககூட வருவீங்களா?”

தமிழ் எப்படிப் புரியும் என்று கேட்காதீர்கள். மாதக்கணக்கில் தன் கதையைத் தமிழிலேயே கேட்டவருக்கு அது புரியாதா?

நின்றாள்.

டக்... டக்...

“ம்ஹும்.”

மென்மையாக, தெளிவாக வந்தது.

கண்மணிக்குப் போன உயிர் திரும்பியது. கையெடுத்துக் கும்பிட்டாள். பெரிய மனுஷன், மானஸ்தன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாற்காலியைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு வெளியே வந்தாள். அந்த வீட்டில் இனி யார் அவருக்கு அவர் கதையைச் சொல்லப் போகிறார்கள் என்று ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது.

ஜெர்சி சிட்டியில் ஆற்றோரம் இருபத்தேழாவது மாடி. ஜன்னலில் நின்றால் அக்கரையில் நியூயார்க் தெரியும். ஜெயபிரகாஷ் காலையில் ரயில் பிடித்துப் போனால் இருட்டித்தான் வருவான், பல சனிக்கிழமைகளிலும் அப்படித்தான். அதே தளத்தில் சென்னைக்காரர் சுந்தரராமன் குடும்பம். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி ரசம் கொடுத்தனுப்புவார். அவர்கள் மகள் ஸ்ம்ருதி இங்கேயே பிறந்தவள், ஹைஸ்கூல் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் கண்மணி ஜர்னல் ஸ்கொயருக்குக் காய் வாங்கப் போனால் வெண்பாவைப் பார்த்துக்கொள்வாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. காரில் சிரித்தது, இடம் விட்டு உட்கார்ந்தது எல்லாம் நின்றுவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

தனிமையும் விடவில்லை. ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சில மதியங்களில் ஜன்னலோரம் நின்று ஏதாவது சொல்ல ஆரம்பித்து, இடையில் நிறுத்திப் பார்ப்பாள். ஒன்றும் வராது. ஒரு பக்கம் நிம்மதியாக இருக்கும். இன்னொரு பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. கண்மணி இரண்டு கையிலும் பையோடு வந்து கதவைத் திறந்தபோது ஸ்ம்ருதி குதித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஆன்ட்டி, ஷி ஆன்ஸர்ட் மீ! ஜூஸ் வேணுமான்னு கேட்டேன். ‘ம்ஹும்’னு சொன்னா. வாயால!”

கண்மணியின் கையிலிருந்த பை நழுவியது. வெங்காயம் உருண்டது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“வேண்டாம்னு சொன்னாளா? என்ற தங்கம் வேண்டாம்னு சொன்னாளா?”

“நோ ஆன்ட்டி. வேணும்னு சொன்னா. ஷி ட்ராங்க் த ஹோல் திங்.”

“ம்ஹும்னா வேண்டாம்னு தான?”

ஸ்ம்ருதி சிரித்தாள். “அது தமிழ்ல. இங்க ‘ம்ஹும்’னா யெஸ். எவ்ரிபடி சேஸ் இட், ஆன்ட்டி.”

கண்மணி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மிஸ் டெப்ரா ஞாபகத்துக்கு வந்தாள். எதைக் கேட்டாலும் ‘ம்ஹும்’ என்பாள், பிறகு அதைச் செய்துவிடுவாள். வாய் மறுத்தாலும் மனசு நல்லது என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இழுப்பில் கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கும். பயந்து நிற்கிறவளுக்கு இழுப்பா கேட்கும்?

வருவீங்களா என்று கேட்டாள்.

வருவேன் என்றுதான் சொன்னார்.

கும்பிட்டு வேறு வந்திருக்கிறாள்.

“ஹூ டாட் ஹெர் தட்?” என்று ஸ்ம்ருதி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாள். அங்கிளா? கண்மணி படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். ஸ்ம்ருதி போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

பொழுது உச்சிக்கு வந்திருந்தது. ஹாலில் வெயில் கொட்டிக்கிடந்தது. வெண்பா படுக்கையறையில் இருந்தாள். அந்தக் கதவும் சாத்தியிருந்தது. கண்மணி எழுந்தாள். ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும். கதவுப் பிடியில் கை வைத்தாள்.

உள்ளே ஒரு குரல்.

சன்னமான குரல். இதுவரை அவள் கேட்டே இராத குரல். ஆனால் யாருடையது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

“ஒரு ஊல்ல... ஒரு பெய்யவரு...”

வெண்பா பேசுகிறாள். என் பிள்ளை பேசுகிறாள். மூன்றரை வருஷம், எத்தனை டாக்டர், எத்தனை கோயில், மாமியாரின் எத்தனை பெருமூச்சு... பேசிவிட்டாள்.

குரல் நின்றது. அம்மா நிறுத்துகிற மாதிரியே, சரியாக அந்த இடத்தில்.

“ம்.”

“ஆத்துல... பயிசல்...”

“ம்.”

கண்மணி பிடியை இன்னும் விடவில்லை. திருப்பினால் கதவு திறந்துவிடும். திறந்தால் அந்த ‘ம்’ நின்றுவிடும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளையின் குரல் மறுபடி எப்போது வரும்? வருமா?



மெதுவாக, சத்தம் வராமல், அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் அவர்கள் ஜெர்சி சிட்டியில்தான் இருக்கிறார்கள். வெண்பா மதியத்தில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். தினமும் இரண்டு புதிய சொல் சேர்கிறது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் வாயைத் திறப்பதில்லை. ஜெயபிரகாஷ் வீட்டில் இருக்கிற நாட்களில் அறைக்குள்ளும் பேசுவதில்லை. அதனால் அவன் நம்புவதில்லை. கண்மணியும் இப்போதெல்லாம் அவனிடம் சொல்வதில்லை. மதியமானால் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, பிள்ளை பேசுவதைக் கேட்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் அவளுக்கு ‘ம்’ சொல்ல வாய் வரும். அதற்குள் உள்ளேயிருந்து அவர் சொல்லிவிடுகிறார்.